நாணயத்தில் நாணயம்

உண்ணும் உணவும் உடுத்தும் உடையும் ஹலாலான வழியில் வந்தவைதாமா என்று பார்ப்பது, தொழுகையையும் நோன்பையும் போலவே நம்மீது கடமையாகும். தராசுத் தட்டில் ஒட்டியிருக்கும் மாவைத் தட்டிவிட்டு நிறுத்துக் கொடுத்த வியாபாரிகள் நம் ஊர்களில் இருந்தார்கள். அவர்களுடைய காலத்தில் கேள்விகள் எளியவையாக இருந்தன. அளவு சரியா? நிறை சரியா? வட்டி கலந்திருக்கிறதா? கலப்படம் உண்டா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் மனம் அமைதியடைந்துவிடும். இன்றோ, கண்ணால் காண முடியாத, கையால் தொட முடியாத ஒன்றைப் பற்றி நம் வீடுகளில் கேள்வி எழுந்திருக்கிறது. அதைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

ஒரு நாள் அஸருக்குப் பின், வயதான தாயார் ஒருவர் பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தார். சற்று நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

“ஹஜ்ரத், ஹஜ்ஜுக்குப் பணம் கட்டலாம்னு இருக்கேன். வெளிநாட்டுல இருக்குற மவன் அனுப்பியிருக்கான். ஆனா அது சம்பளக் காசு இல்லியாம். ரூமுல மிஷின் வச்சு காசு எடுக்குறானாம். நோட்டு அடிக்கிற மிஷினோன்னு முதல்ல பயந்தே போயிட்டேன். அது இல்லியாம், ஏதோ கம்ப்யூட்டர் காசாம். எடுத்ததை வாங்கி விக்கவும் செய்றானாம். அந்தக் காசுல நான் ஹஜ்ஜுக்குப் போகலாமா?”

நமக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. “ஒரு வாரம் தவணை கொடுங்கள், உம்மா” என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் படித்தறிந்ததையும், ஆலிம்களிடம் கேட்டறிந்ததையும் இங்கே நேயர்களுக்கு முன் வைக்கிறோம். நாம் முஃப்தி அல்லோம். இது ஃபத்வாவும் அல்ல.

அந்த இயந்திரம் செய்யும் வேலை

2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. வங்கியும் அரசாங்கமும் இடையில் இல்லாமலேயே ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பும் முறையை அக்கட்டுரை விளக்கியது. 2009 ஜனவரி 3 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதுதான் பிட்காயின்.

இதை ஒரு பெரிய கணக்குப் பேரேடு என்று வைத்துக்கொள்ளலாம். யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதெல்லாம் அதில் பதியப்படும். அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் இருக்கும். சராசரியாகப் பத்து நிமிடத்திற்கு ஒரு புதிய பக்கம் அதில் சேரும். அந்தப் பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு என்பதற்குத்தான் போட்டி. ஓர் எண்ணை ஊகித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அறிவால் கண்டுபிடிக்கக்கூடிய எண் அல்ல அது. இடைவிடாது ஊகித்துக்கொண்டே இருந்தால் என்றேனும் அகப்படும். அகப்பட்டவருக்குப் புதிய பிட்காயின் வெகுமதியாகக் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50 பிட்காயின் கிடைத்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்திற்கு மேல் அது பெருகாது என்பது விதி.

இதற்கு ‘மைனிங்’ என்று பெயர் வைத்தார்கள். சுரங்கம் தோண்டுவது என்று பொருள். மண்ணும் இல்லை, மண்வெட்டியும் இல்லை, தோண்டப்படுவதெல்லாம் மின்சாரம்தான். ஆரம்பத்தில் வீட்டுக் கணிப்பொறியே இதற்குப் போதுமானதாக இருந்தது. 2013 முதல் இந்த ஒரே வேலைக்கென்று செய்யப்பட்ட இயந்திரங்கள் வந்துவிட்டன. 2016-இல் வெளிவந்த ஆன்ட்மைனர் எஸ்-9 என்ற இயந்திரம் வினாடிக்குச் சுமார் 13 லட்சம் கோடி முறை ஊகிக்கும். அதற்கு ஏறத்தாழ 1,350 வாட் மின்சாரம் தேவை. நாளொன்றுக்கு 32 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 970 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசமாகத் தரும் திட்டம் 2016-இல் தொடங்கியது. அந்த 100 யூனிட்டும் இந்த இயந்திரத்துக்கு மூன்று நாள் தீனி. பின்னர் வந்த புதிய இயந்திரங்கள் 3,000 வாட்டுக்கு மேல் கேட்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தையல் இயந்திரம் வாங்கியவர் சட்டை தைக்க முடியாவிட்டால் பை தைக்கலாம். இந்த இயந்திரத்திற்கு வேறு எந்த வேலையும் தெரியாது. புதிய வகை வந்ததும் பழையது வெறும் இரும்பாகிவிடும். எத்தீரியம் என்னும் மற்றொரு கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் இந்த மைனிங் முறையையே கைவிட்டது. அதற்காக விலையுயர்ந்த கருவிகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் அந்த வேலை இல்லாமல் போயிற்று.

உலமாக்களின் கருத்து

இந்த நாணயமே ஆகுமானதா என்பதில் உலமாப் பெருமக்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. துருக்கியின் மார்க்க விவகாரத்துறை 2017-இல் இது இப்போதைக்குப் பொருத்தமானதல்ல என்றது. எகிப்தின் தலைமை முஃப்தி 2018 தொடக்கத்தில் கூடாது என்று ஃபத்வா கொடுத்தார். 2020-இல் மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்தைச் சேர்ந்த ஷரீஅத் ஆலோசனைக் குழு, பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சுகளில் வாங்கி விற்பது கொள்கையளவில் ஆகும் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் இதைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றும், சரக்காக விற்பதானாலும் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

மைனிங் சூதாட்டமா என்பதிலும் இதே நிலைதான். ஊகம் பலித்தால் பரிசு, பலிக்காவிட்டால் செலவு நஷ்டம் என்பதால் சூது என்கிறார்கள் சிலர். சூதில் தோற்றவனின் பணம் வென்றவன் கைக்குப் போகும்; இங்கே அப்படிப் போகவில்லை, பேரேட்டைக் காத்த உழைப்புக்குத்தான் வெகுமதி என்கிறார்கள் வேறு சிலர். காணாமற்போன ஒட்டகத்தைத் தேடித் தருபவனுக்கு இவ்வளவு என்று அறிவிப்பதை நம் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் ‘ஜுஆலா’ என்ற பாடத்தில் பேசுகின்றன. ஆனால் இங்கே வெகுமதி தருவதாக வாக்களிப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இந்த இக்திலாஃபைத் தீர்ப்பது நம் வேலையல்ல. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலர் இந்தக் கருத்து வேறுபாட்டையே ஒரு நிழற்குடையாக ஆக்கிக்கொள்கிறார்கள். “ஆலிம்களே இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரை நாம் சம்பாதிப்போம்” என்கிறார்கள். நாணயம் ஹலாலா என்பது தீராத கேள்வியாகவே இருக்கட்டும். அதைச் சம்பாதிப்பவரின் நாணயம் தீராத கேள்வியல்லவே! தமிழில் காசுக்கும் நாணயம் என்கிறோம், நேர்மைக்கும் நாணயம் என்கிறோம். முதல் நாணயத்தைப் பற்றி ஆலிம்களின் தீர்ப்புக்குக் காத்திருக்கலாம். இரண்டாவதைப் பற்றி ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதற்கேள்வி: யாருடைய மின்சாரம்?

ஈரானில் நடந்ததைப் பாருங்கள். 2018-இல் அமெரிக்கா மீண்டும் பொருளாதாரத் தடை விதித்தது. வெளிநாட்டு வங்கிகளின் கதவுகள் அந்நாட்டு மக்களுக்கு அடைபட்டன. அவர்கள் பணமான ரியாலின் மதிப்பு சரிந்தது. ஆனால் மின்சாரம் மட்டும் அங்கே மிக மலிவு. அரசாங்கம் மானியம் கொடுத்து வழங்கி வந்தது. ஆகவே மக்கள் மைனிங் இயந்திரங்களை வாங்கிக் குவித்தார்கள். தொழிற்சாலைகளில் வைத்தார்கள், கொட்டகைகளில் வைத்தார்கள். 2019-இல் வந்த செய்தி நம் நெஞ்சைச் சுட்டது. பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும்கூட வைத்தார்கள் என்பதே அது! பள்ளிவாசல்களுக்கு அங்கே மின்சாரம் இலவசமாகவோ பெருஞ்சலுகையிலோ தரப்பட்டு வந்ததுதான் காரணம்.

தொழ வருபவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட மின்சாரம் அது. ஒன்றுக்கென்று கொடுக்கப்பட்டதை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நம் ஊர்ப் பள்ளிவாசலின் சாதாரண முதவல்லிக்கும் தெரியும். எண்ணெய்க்கென்று வக்ஃபு செய்த வயலின் வருமானத்தைப் பாய்க்குச் செலவிடுவதற்கே யோசிக்கிற சமுதாயம் நாம்.

அரசாங்கம் இதைத் தடுக்க 2019-இல் மைனிங்கைத் தொழிலாக அங்கீகரித்து, உரிமம் பெற்றவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது. பெரும்பாலோர் உரிமம் பெறவில்லை. 2021-இல் தெஹ்ரானிலும் மற்ற நகரங்களிலும் மின்வெட்டு கடுமையாயிற்று. அவ்வாண்டு மே மாதம் அன்றைய அதிபர் ரூஹானி நான்கு மாதங்களுக்கு மைனிங்கை அடியோடு நிறுத்தி வைத்தார். அங்கே நடந்த மைனிங்கில் 85 சதவீதம் உரிமம் இல்லாதது என்றும் அவர் சொன்னார். மின்வெட்டுக்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வறட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்ததும், கடும் வெயிலும் சேர்ந்துகொண்டன. ஆனால் இருக்கிற தண்ணீர் குறைந்திருக்கும்போதுதான் குடத்தில் ஓட்டை போட்டவனின் குற்றம் பெரிதாகிறது.

குவைத்தின் கதையும் இதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உழைக்கிற நாடு அது. மின்சாரத்தின் அடக்க விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிற நாடு. 2023 ஜூலையில் அங்கே மைனிங் முற்றாகத் தடை செய்யப்பட்டது. ஆனாலும் வீடுகளுக்குள் இரகசியமாக நடந்தது. 2025 ஏப்ரலில் வஃப்ரா பகுதியில் அதிகாரிகள் சோதனை நடத்தி நிறுத்தினார்கள். அதன்பின் அப்பகுதியின் மின் செலவு 55 சதவீதம் குறைந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஊர் மொத்தமும் செலவழித்ததைவிடச் சில வீடுகளின் இயந்திரங்கள் தின்றது அதிகம் என்பது இதன் பொருள்.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். இரவில் அரசாங்க அலுவல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து சொந்த விஷயம் பேசத் தொடங்கினார். உடனே கலீஃபா அவர்கள் பைத்துல்மாலின் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தமது சொந்த விளக்கை ஏற்றினார்கள். மீலாத் மேடைகளில் இதைச் சொல்லும்போது நாம் உருகுகிறோம். அந்த விளக்கில் எரிந்தது சில துளி எண்ணெய். இந்த இயந்திரம் எரிப்பது மாதம் 970 யூனிட்!

“கட்டணத்தைத்தான் நான் கட்டிவிடுகிறேனே” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொழிலுக்குரிய கட்டணத்தைக் கட்டினால் அந்த மின்சாரம் அவருடையது. ஆனால் வீட்டு உபயோகத்திற்கென்று ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் சலுகையில் தந்ததை, தொழிலுக்குத் திருப்பிவிட்டு வீட்டுக் கட்டணம் கட்டினால், அது முழுக் கட்டணம் ஆகாது. மிச்சத்தைக் கட்டுகிறவர்கள் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் கடன் தீர்ந்துவிடாது.

இரண்டாங்கேள்வி: யார் கையில் இருக்கிறது?

இயந்திரம் வைத்துச் சம்பாதிப்பவர்கள் சிலரே. இதை வாங்கி விற்பவர்கள்தாம் பெரும்பாலோர். அந்தச் சந்தைக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிவிடலாம். பணத்தைப் போட்டதும் ‘உங்களிடம் இவ்வளவு பிட்காயின் இருக்கிறது’ என்று திரையில் தெரியும். உண்மையில் அது அவரிடம் இல்லை. அதைத் திறக்கும் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. அவரிடம் இருப்பது, “உமக்கு இவ்வளவு தர வேண்டியிருக்கிறது” என்ற ஒரு வரி எழுத்து. நம் ஃபிக்ஹின் சொல்லில் சொன்னால், அது அமானிதம்.

துருக்கியில் லிராவின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்த காலம். சேமிப்பைக் காப்பாற்றிக்கொள்ள மக்கள் இந்தச் சந்தைகளை நாடினார்கள். தோடெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விலையுயர்ந்த கார்களைப் பரிசாகத் தருவதாக விளம்பரம் செய்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் அதில் கணக்கு வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் கடை மூடிக்கொண்டது. அதன் நிறுவனர் அல்பேனியாவுக்கு ஓடிவிட்டார். 2022-இல் பிடிபட்டு, 2023 செப்டம்பரில் 11,196 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2025 நவம்பரில் சிறையறையில் இறந்து கிடந்தார். பதினோராயிரம் ஆண்டுத் தண்டனை எழுதினாலும், வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு திரும்பி வந்துவிடுமா?

அமெரிக்கர் ஒருவர் நடத்திய எஃப்.டி.எக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் வீழ்ந்தது. வாடிக்கையாளர்களின் பணத்தை அவர்களுக்குத் தெரியாமலே தமது இன்னொரு நிறுவனத்தின் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டதுதான் காரணம். அவருக்கு 25 ஆண்டுச் சிறை கிடைத்தது. மார்க்கம் வேறு, நாடு வேறு, குற்றம் ஒன்றே. நமது சென்னை உயர்நீதிமன்றமும் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில், கிரிப்டோ என்பது பணம் அல்லவாயினும் ஒருவருடைய சொத்தே என்றும், பிறரிடம் நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கத் தக்கது என்றும் கூறியிருக்கிறது. எக்ஸ்சேஞ்சிடம் இருப்பது அதற்குச் சொந்தமல்ல. அது காவலாள் மட்டுமே.

இதுவரை ஏமாற்றுபவரின் குற்றம். ஏமாறியவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தம்மிடம் இல்லாத பொருளை விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இந்தச் சந்தைகளில் நடப்பதில் பெரும்பகுதி அதுதான். கையில் ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு லட்ச ரூபாய்க்கு வியாபாரம் செய்ய அனுமதிக்கிறார்கள். மிச்சம் கடன், அதற்குக் கட்டணம் உண்டு. பெயரை எப்படி மாற்றினாலும் வட்டி வட்டிதான். விலை நூற்றில் ஒரு பங்கு எதிர்ப்பக்கம் அசைந்தால் அந்த ஆயிரம் ரூபாயும் போய்விடும். தூங்கி எழுவதற்குள் கணக்கு காலியாகிவிட்ட இளைஞர்கள் உண்டு.

“அரிசி வியாபாரியும் விலை ஏறும் என்று நம்பித்தானே வாங்குகிறார்?” என்பார்கள். உண்மைதான். நஷ்டத்துக்கு அஞ்சாத வியாபாரம் இல்லை; அஞ்சுவதால் அது சூதாகிவிடாது. ஆனால் அரிசி வியாபாரி நெல் விளையும் ஊரிலிருந்து விளையாத ஊருக்கு அரிசி கொண்டு வருகிறார். அவர் நஷ்டமடைந்தாலும் ஊர் சாப்பிட்டிருக்கும். பிட்காயினின் விலை 2021 நவம்பரில் 68,000 டாலரைத் தாண்டி, அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. உச்சியில் விற்றவரின் இலாபம் எங்கிருந்து வந்தது? உச்சியில் வாங்கியவரிடமிருந்து வந்தது. அப்படிக் கடைசியில் வந்து வாங்குபவர் பெரும்பாலும் விவரம் தெரியாதவராகவே இருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் சம்பாதித்ததைப் பார்த்து நகையை அடகு வைத்தவராக இருக்கிறார். பின்னால் வருபவனின் அறியாமைதான் நம் இலாபம் என்றால், அந்த இலாபத்தை ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மூன்றாங்கேள்வி: யாரிடம் மறைக்கிறோம்?

தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கை நுழைத்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த வியாபாரியைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. அவர் விற்றது ஹலாலான தானியம்தான். ஈரத்தை மறைத்ததுதான் குற்றம்.

இந்தத் தொழிலில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஒரே நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு வேறு. மைனிங்கில் உலகில் முதலிடத்தில் இருந்தது சீனா. 2021-இல் அது மைனிங்கையும் கிரிப்டோ வியாபாரத்தையும் தடை செய்தது. இயந்திரங்கள் கப்பலிலும் லாரியிலும் ஏறி வேறு நாடுகளுக்குப் போயின. கஜகஸ்தானுக்குப் போனவற்றுக்கும் நிம்மதி இல்லை. அங்கே மின்சாரம் போதவில்லை. 2022 ஜனவரியில் மைனிங்குக்கு மின்சாரத்தையே நிறுத்தினார்கள்.

நம் இந்தியாவில் 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரிகளுக்கு வங்கிகள் சேவை செய்யக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை இரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இலாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஒரு நாணயத்தில் அடைந்த நஷ்டத்தை இன்னொன்றில் அடைந்த இலாபத்தில் கழித்துக்கொள்ள முடியாது. மைனிங் இயந்திரத்தின் செலவையும் கழிக்க முடியாது என்று அரசு நாடாளுமன்றத்தில் விளக்கியது. 2023 முதல் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டமும் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பொருந்தும். கடன் வாங்கி இயந்திரம் வாங்குகிறவர், இலாப நஷ்டக் கணக்குப் போடும்போது இதையும் போட வேண்டும். ஓர் உத்தரவில் முதல் போய்விடக்கூடிய தொழிலில், பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் குமரின் கலியாணப் பணத்தையும் போடுவது தவக்குல் ஆகாது, பொறுப்பின்மையாகும்.

இங்கே இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். “வரி கட்டுகிறேன், ஆகவே ஹலால்” என்பது ஒரு தவறு. லாட்டரிப் பரிசுக்கும் நம் நாட்டில் 30 சதவீத வரி உண்டு. அதனால் லாட்டரி ஹலாலாகிவிடவில்லை. “அரசாங்கச் சட்டம் மார்க்கமா என்ன?” என்று சொல்லி மறைப்பது மற்றொரு தவறு. ஒரு நாட்டின் விசாவில் கையெழுத்திட்டு நுழைந்தவர், அந்நாட்டின் சட்டத்துக்கு உட்படுவதாக உடன்படிக்கை செய்திருக்கிறார். மார்க்கத்துக்கு முரணில்லாத விஷயத்தில் உடன்படிக்கையைப் பேணுவது மார்க்கமேதான்.

“ஈரானிய இளைஞனுக்கு வேலை இல்லை, துருக்கியக் குடும்பத்தின் சேமிப்பு கரைகிறது; அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?” என்று கேட்டால், அந்தக் கஷ்டத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. நிர்ப்பந்தத்துக்கு ஷரீஅத்தில் இடம் உண்டு. ஆனால் ஒருவருடைய இடரை இன்னொருவர் தலையில் ஏற்றி நீக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் ஃபிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. மின்வெட்டு வந்தபோது மின்தூக்கியில் சிக்கியவரும், குளிர்ப்பெட்டியில் மருந்து வைத்திருந்த நோயாளியும் அந்த இலாபத்தில் பங்கு கேட்கவில்லையே!

அந்தத் தாயின் முடிவு

ஒரு வாரம் கழித்து அந்தத் தாயார் வந்தார். குவைத்தில் நடந்ததைச் சொன்னபோது, “அவன் இருக்குறது குவைத்து இல்ல ஹஜ்ரத்” என்று ஆறுதலடைந்தார். “உங்கள் மகனிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள், உம்மா. அவர் சொல்லும் பதிலே போதும்” என்றோம். பேரன் நம் முன்னிலையிலேயே கைப்பேசியில் அழைத்துக் கொடுத்தான்.

வாங்கி விற்பதைப் பற்றிக் கேட்டார். கடன் எடுக்கவில்லை, கையிலிருந்த காசுதான் என்றார் மகன். அந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். “கரண்டு யாரு வாப்பா கட்டுறா?” என்று கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னார். எட்டுப் பேர் தங்கியிருக்கும் அறை. வாடகையோடு தண்ணீரும் மின்சாரமும் சேர்த்தி. கட்டணம் ஏறியதைப் பார்த்த வீட்டுக்காரர், ஏ.சி. அதிகம் ஓடுகிறது என்று நினைத்து, எல்லோருக்கும் வாடகையை உயர்த்திவிட்டார். கூட இருக்கும் ஏழு பேரும் ஒன்றும் சொல்லாமல் ஏழு மாதமாகக் கட்டி வருகிறார்கள். அதில் ஒருவர் கட்டடக் கூலி.

தாயார் கோபிக்கவில்லை. “அவங்க காசை அவங்களுக்குக் குடுத்துடு வாப்பா. வீட்டுக்காரருகிட்டயும் சொல்லிடு” என்று மட்டும் சொன்னார்.

அனுப்பிய பணத்திலிருந்து அந்தக் கணக்கை மகனே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்தார். எஞ்சியதைப் பற்றி, ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யும்வரை அதைத் தொட வேண்டாம் என்று நாம் சொன்னோம். ஹஜ்ஜுக்குக் கட்ட வேண்டிய பணம் தேறவில்லை. “அடுத்த வருஷம் சம்பளக் காசுல போறேன் ஹஜ்ரத். ஆயுசு இருந்தா” என்று சொல்லிவிட்டுப் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அடுத்த ஆண்டு என்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய சொல் என்பதை நாம் எண்ணிப் பார்த்தோம்.

நாணயம் ஹலாலா என்ற கேள்விக்கு அந்த அம்மையாருக்கு நாம் பதில் சொல்லவில்லை. இன்றும் நம்மால் சொல்ல முடியாது. ஆனால் கரண்டு யார் கட்டுகிறார்கள் என்று கேட்க அவருக்கு எந்தக் கிதாபும் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியை நம் வீடுகளில் ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு மகனிடமும் கேட்பாராக!

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பிறர் சுமையில்லாத ரிஸ்கைத் தருவானாக! அந்தத் தாயின் நிய்யத்தை நிறைவேற்றி வைப்பானாக! ஆமீன்.